பணம் கட்டியது யார், கட்டாதது யார்? எக்செல்லில் இரண்டு பட்டியல்களைப் பொருத்துவது எப்படி?

கல்லூரித் தமிழ் மன்றத்தின் தீபாவளி விருந்துக்கு நீங்கள்தான் பொருளாளர் என்று வைத்துக்கொள்வோம். இணையப் படிவத்தில் 212 பேர் பதிந்திருக்கிறார்கள். பேநவ் வழியாகப் பணம் அனுப்பியவர்களின் பட்டியலில் 187 வரிசைகள். அப்படியென்றால் 25 பேர் இன்னும் கட்டவில்லை, சரிதானே?

அவசரப்படாதீங்க. அந்த 187இல் ஒருவர் தெரியாமல் இரண்டு முறை கட்டியிருக்கலாம். ஒருவர் தோழிக்கும் சேர்த்து ஒரே தொகையாக அனுப்பியிருக்கலாம். படிவத்தை நிரப்பாமல் பணம் மட்டும் அனுப்பியவரும் நிச்சயம் ஒருவர் இருப்பார். கழித்துப் பார்த்தால் கிடைப்பது வெறும் எண்ணிக்கை. உங்களுக்கு வேண்டியதோ பெயர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. படிவத்தில் சைவமா அசைவமா, ஒவ்வாமை உண்டா என்றும் கேட்டிருப்பீர்கள். நிலக்கடலை ஆகாது என்று சிலர் எழுதியிருப்பார்கள். பணக் கணக்கு தப்பினால் மன்னிப்புக் கேட்டுச் சமாளிக்கலாம். கடலைக் கணக்கு தப்பினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிவரும்.

இரண்டு பட்டியல்களில் உள்ள ஒரே ஆளின் விவரங்களை ஒன்றுசேர்ப்பது விரிதாள் வேலைகளில் மிகப் பழையது. 1979இல் வெளிவந்த விசிகால்க் மென்பொருளிலேயே அதற்கான வசதி இருந்தது. எக்செல்லின் புகழ்பெற்ற 'விலுக்கப்' சூத்திரம் 1985இல் மெக்கின்டாஷ் கணினிக்கு வந்த முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. கூட்டல், சராசரி ஆகியவற்றுக்கு அடுத்து மக்கள் ஆக அதிகம் பயன்படுத்தும் சூத்திரம் அதுதான் என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னது.

விலுக்கப் என்ன செய்கிறது?

நீங்கள் ஒரு பெயரைக் கொடுக்கிறீர்கள். அது இன்னொரு பட்டியலின் முதல் நெடுவரிசையில் மேலிருந்து கீழாக அந்தப் பெயரைத் தேடுகிறது. கிடைத்ததும் அதே வரிசையில் வலப்பக்கம் நகர்ந்து, நீங்கள் கேட்ட விவரத்தை எடுத்துவருகிறது. உணவுக்கடையில் விலைப்பட்டியலைப் பார்ப்பதுபோலத்தான்: முதலில் 'மசாலா தோசை'யைத் தேடுவோம், பிறகு கண் வலப்பக்கம் போய் விலையைப் படிக்கும்.

அதற்கு நான்கு விவரங்கள் தர வேண்டும். எதைத் தேடுவது, எந்தப் பட்டியலில் தேடுவது, எத்தனையாவது நெடுவரிசையிலிருந்து பதிலை எடுப்பது, அச்சு அசலாகப் பொருந்த வேண்டுமா அல்லது ஏறக்குறையப் பொருந்தினால் போதுமா.

வம்பே அந்த நான்காவதில்தான். அதை எழுதாமல் விட்டால் சூத்திரம் கோபித்துக்கொள்ளாது. 'ஏறக்குறைய போதும்' என்று தானாகவே முடிவுசெய்துகொள்ளும்!

ஏறக்குறையப் பொருத்துவது எதற்கு என்று கேட்கலாம். அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. உயர்நிலைப்பள்ளியில் மதிப்பெண்ணைத் தரநிலையாக மாற்றுவதை நினைத்துப் பாருங்கள். 75க்கு ஏ1, 70க்கு ஏ2, 65க்கு பி3. நீங்கள் வாங்கியது 72. அட்டவணையில் 72 என்ற எண்ணே இல்லை. 72ஐத் தாண்டாத எண்களில் ஆகப் பெரியது 70, ஆகவே ஏ2. ஏறக்குறையப் பொருத்தம் செய்வது இதைத்தான். ஆனால் ஒரு நிபந்தனை: அட்டவணை சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். அதை நம்பித்தான் அது பட்டியலின் நடுவில் குதித்து, மேலே போவதா கீழே போவதா என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே தேடுகிறது.

இதே முறையில், யார் முதலில் பதிந்தார்களோ அந்த வரிசையில் இருக்கும் பெயர்ப் பட்டியலைத் தேடினால் என்ன ஆகும்? நடுவில் குதிக்கும், தவறான பக்கம் போகும், யாரோ ஒருவருடைய வரிசையில் போய் நிற்கும். அந்த 'யாரோ'வின் உணவு விவரத்தை உங்களுக்குக் கொண்டுவந்து கொடுக்கும். பிழைச் செய்தி வராமலும் போகலாம். கட்டத்தில் 'ஒவ்வாமை இல்லை' என்று அழகாக இருக்கும். பார்ப்பவர் நம்பிவிடுவார்.

அதனால் பெயர், எண், மின்னஞ்சல் என எதைத் தேடினாலும் நான்காவது இடத்தில் 'ஃபால்ஸ்' என்றோ 0 என்றோ எழுதுங்கள். அச்சு அசலாகப் பொருந்தினால் மட்டும் பதில் வரும். இல்லாவிட்டால் 'என்/ஏ' என்று பிழை காட்டும். அந்தப் பிழையைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள். "தேடினேன், இல்லை" என்று நேர்மையாகச் சொல்கிறது, அவ்வளவுதான். சிலர் பார்வைக்கு நன்றாக இருக்காது என்று 'இஃப்எரர்' போட்டு எல்லாப் பிழைகளையும் 0 ஆக மாற்றிவிடுவார்கள். பிறகு, பட்டியலில் இல்லாதவரும் 0 வெள்ளி கட்டியவரும் ஒன்றாகிவிடுவார்கள். 'இல்லை' என்று எழுதிக் காட்டினாலே போதும்.

புதியது இருக்கும்போது பழையது எதற்கு?

விலுக்கப்புக்கு வேறு இரண்டு குறைகளும் உண்டு. தேடும் நெடுவரிசைக்கு இடப்பக்கம் இருக்கும் விவரத்தை அதனால் எடுக்க முடியாது. 'மூன்றாவது நெடுவரிசை' என்று எண்ணாகச் சொல்வதால், நண்பர் ஒருவர் நடுவில் புதிதாக ஒரு நெடுவரிசையைச் செருகினால் மூன்றாவது வேறொன்றாகிவிடும். உணவு விருப்பம் வரவேண்டிய இடத்தில் சட்டை அளவு வரும்.

2019இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த 'எக்ஸ்லுக்கப்' இந்தத் தலைவலிகளைத் தீர்த்துவைத்தது. சமக்குறி, எக்ஸ்லுக்கப், அடைப்புக்குறிக்குள் மூன்று விவரங்கள்: தேடும் கட்டம், தேட வேண்டிய நெடுவரிசை, பதில் இருக்கும் நெடுவரிசை. நடுவில் கமா. நீங்கள் வேறு சொல்லாதவரை அது அச்சு அசலாகவே பொருத்தும். இடமா வலமா என்ற கவலை இல்லை. நான்காவதாக, கிடைக்காவிட்டால் என்ன எழுத வேண்டும் என்றும் சொல்லலாம்.

மைக்ரோசாஃப்ட் 365, எக்செல் 2021, கூகல் ஷீட்ஸ் ஆகியவற்றில் இது உண்டு. எக்செல் 2016, 2019 பதிப்புகளில் இல்லை. அங்கே 'இண்டெக்ஸ்', 'மேட்ச்' இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். மேட்ச் எத்தனையாவது வரிசை என்று சொல்லும், இண்டெக்ஸ் அந்த வரிசையில் உள்ளதை எடுத்துத் தரும்.

எதைப் பயன்படுத்தினாலும், சூத்திரத்தைக் கீழே இழுக்கும்முன் தேடும் பகுதியை டாலர் குறி போட்டுப் பூட்டுங்கள். எஃப்4 பொத்தானை அழுத்தினால் போதும். பூட்டாவிட்டால் ஒவ்வொரு வரிசைக்கும் தேடும் பகுதி ஒரு கட்டம் கீழே நழுவும். பட்டியலின் மேலே இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள்.

இதுவரை சொன்னது எளிமையான பாதி.

"அக்கா, நான் கட்டிட்டேனே!"

விருந்தன்று வாசலில் ஒரு முதலாமாண்டு மாணவி இப்படிச் சொல்கிறாள். உங்கள் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 'இல்லை'. அவள் சொல்வது உண்மைதான், சூத்திரத்திலும் தவறில்லை. பெயர்தான் காரணம்.

லட்சுமி என்று ஒரு பெயர். தமிழில் அதை நாம் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுதுவோம். ஆங்கிலத்தில்? நடுவில் 'கே-எஸ்-எச்' போட்டு எழுதுபவர் உண்டு. ஒரே 'எக்ஸ்' போட்டு முடிப்பவர் உண்டு. சிங்கப்பூர், மலேசியாவில் பாட்டிமார் பலருடைய அடையாள அட்டையில் 'லெட்சுமி' என்று ஒலிக்கும்படி 'டி-சி-எச்' இருக்கும். சுப்பிரமணியம் 'எம்'மில் முடிவாரா 'என்'னில் முடிவாரா என்பதை அவரைக் கேட்டால்தான் தெரியும்.

அடுத்தது அப்பா பெயர். படிவத்தில் 'கார்த்திக் சுப்பிரமணியம்' என்று இருப்பவர் வங்கிக் கணக்கில் 'கார்த்திக் எஸ்/ஓ சுப்பிரமணியம்'. மலேசியராக இருந்தால் அதுவே 'ஏ/எல்'. பெண்ணுக்கு இங்கே 'டி/ஓ', அங்கே 'ஏ/பி'. சிலர் தலைப்பெழுத்தை முன்னால் போடுவார்கள், சிலர் பின்னால். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசத்தை எக்செல் கண்டுகொள்ளாது. நல்லவேளை! மற்ற எல்லாவற்றையும் கண்டுகொள்ளும்.

தமிழிலேயே பட்டியல் போட்டால் தப்பிக்கலாமா? ஔவை என்ற பெயரைப் பாருங்கள். சிலர் 'ஔ' என்ற ஒரே எழுத்தைத் தட்டுவார்கள். சிலர் 'ஒ' தட்டி, அடுத்து 'ள' தட்டுவார்கள்: ஒளவை. திரையில் பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். கணினிக்கு இவர்கள் இரண்டு பேர்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எதிரி, வெற்றிடம். கைப்பேசியில் தானாகப் பெயரை நிரப்பும்போது கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொள்ளும். 'ட்ரிம்' சூத்திரம் முன்னும் பின்னும் இருக்கும் வெற்றிடங்களையும், நடுவில் இரட்டையாக இருப்பதையும் சுத்தம் செய்துவிடும். ஆனால் இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியதில் வரும் சிறப்பு வெற்றிடம் ஒன்று உண்டு. அதன் குறியீட்டு எண் 160. ட்ரிம் அதைத் தொடாது. 'சப்ஸ்டிட்யூட்' சூத்திரத்தால் அதைச் சாதாரண வெற்றிடமாக மாற்றிவிட்டு, பிறகு ட்ரிம் போட வேண்டும்.

சரி, எண்ணைப் பயன்படுத்துவோமா?

பெயரைவிட எண் நல்லதுதான். ஆனால் எக்செல்லுக்கு எண்களிலும் ஒரு பழக்கம் உண்டு: உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு மாற்றிவிடும்.

ஒரு பட்டியலில் கைப்பேசி எண் உண்மையான எண்ணாகவும், இன்னொன்றில் அது எழுத்தாகவும் சேமிக்கப்பட்டிருக்கலாம். பார்க்க ஒன்றுபோல இருக்கும், பொருந்தாது. கட்டத்தின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரிந்தாலோ, எண் இடப்பக்கம் ஒட்டி நின்றாலோ சந்தேகப்படுங்கள். வேடிக்கை என்னவென்றால், எத்தனை முறை இருக்கிறது என்று எண்ணும் 'கவுன்ட்இஃப்' இந்த இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். "பட்டியலில் 1 இருக்கு" என்று அது சொல்லும், "இல்லவே இல்லை" என்று லுக்கப் சொல்லும். இப்படி முரண்பட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

முன்னால் வரும் 0 அடுத்த சிக்கல். மரினா வட்டாரத்து அஞ்சல் குறியீடுகள் 0இல் தொடங்கும். எண்ணாகத் தட்டினால் எக்செல் அந்த 0ஐத் தூக்கிவிடும், 6 இலக்கம் 5 ஆகிவிடும். மலேசியாவின் மைகார்டு எண்ணில் முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதி. 2004இல் பிறந்தவருடைய எண் 04 என்று தொடங்கும். கோடு போடாமல் தட்டினால் அவருடைய 12 இலக்கம் 11 ஆகும். 1998இல் பிறந்த அண்ணனுக்கு இந்தத் தொல்லை இல்லை. 15 இலக்கத்துக்கு மேல் போகும் எண் என்றால் அதற்குப் பிறகு வருவதையெல்லாம் 0 ஆக்கிவிடும். வங்கியின் பரிவர்த்தனைக் குறிப்பு எண்களில் கவனம் தேவை. தட்டுவதற்கு முன்பே, ஒட்டுவதற்கு முன்பே, அந்த நெடுவரிசையை 'எழுத்து' என்று மாற்றிவிடுவதுதான் தீர்வு. போன 0ஐப் பிறகு திரும்பக் கொண்டுவருவது தனி வேலை.

இது மாணவர்களை மட்டும் படுத்தும் விஷயமல்ல. சில மரபணுக்களின் சுருக்கப் பெயர்கள் 'செப்டம்பர் 1', 'மார்ச் 1' போலத் தெரிந்ததால் எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் அனைத்துலகக் குழு, அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. அதற்கான புதிய வழிகாட்டி 2020இல் வந்தது. மென்பொருள் மாறவில்லை, மரபணு மாற வேண்டியிருந்தது!

அடையாள அட்டை எண்ணையே கேட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமே என்று தோன்றும். சிங்கப்பூரில் அது அவ்வளவு எளிதல்ல. தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டிப்படி, 2019 செப்டம்பர் 1 முதல் தனியார் அமைப்புகள் பொதுவாக அந்த எண்ணைச் சேகரிக்கக்கூடாது. சட்டம் கேட்டால், அல்லது ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய தேவை இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. தீபாவளி விருந்து அந்த ரகத்தில் சேராது.

எளிய வழி, நீங்களே ஓர் எண் கொடுப்பது. படிவத்தை நிரப்பியவருக்கு 'தீ001', 'தீ002' என்று பதிவு எண் அனுப்புங்கள். முன்னால் எழுத்து இருப்பதால் எக்செல் 0ஐத் தூக்காது. பேநவ்வில் குறிப்பு எழுதும் இடத்தில் அந்த எண்ணைப் போடச் சொல்லுங்கள். சிலர் மறப்பார்கள். பரவாயில்லை, 212 பேரைத் தேடுவதற்குப் பதில் 15 பேரைத் தேடினால் போதும்.

பொருந்தினால் ஒரே ஆள்தானா?

இதுவரை, பொருந்த வேண்டியது பொருந்தாமல் போவதைப் பார்த்தோம். பொருந்தக் கூடாதது பொருந்துவது அதைவிட மோசம், ஏனென்றால் அதை யாரும் கவனிப்பதில்லை.

லுக்கப் சூத்திரங்கள் முதலில் கிடைக்கும் வரிசையோடு நின்றுவிடும். பட்டியலில் இரண்டு பிரியா இருந்தால், இருவருக்கும் முதல் பிரியாவின் விவரமே வரும். இரண்டாவது பிரியாவுக்குத்தான் கடலை ஆகாது என்றால்? தேடத் தொடங்கும் முன்பே, பக்கத்தில் ஒரு நெடுவரிசை போட்டுக் கவுன்ட்இஃப் மூலம் ஒவ்வொரு பெயரும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். 1க்கு மேல் காட்டும் வரிசைகளைக் கையாலேயே பாருங்கள்.

பெயரோடு பிறந்த தேதியும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று உறுதியாகச் சொல்லலாமா? அமெரிக்காவில் அப்படி நம்பி ஒரு திட்டமே நடந்தது. கான்சஸ் மாநிலம் 2005இல் தொடங்கிய 'கிராஸ்செக்' திட்டத்தில் பல மாநிலங்கள் வாக்காளர் பட்டியலைக் கொடுத்தன. முதல் பெயர், குடும்பப் பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போனவர்கள் இரண்டு மாநிலங்களில் பதிந்திருக்கக்கூடும் என்று பட்டியலிடப்பட்டார்கள். 2020இல் வெளியான ஓர் ஆய்வு அதைச் சோதித்தது. திட்டம் பரிந்துரைத்த ஒரு முறையைப் பின்பற்றியிருந்தால், இரட்டை வாக்குக்குப் பயன்பட்ட ஒரு பதிவை நீக்குவதற்காக, முறையாக வாக்களித்ததாகத் தெரியும் சுமார் 300 பதிவுகளையும் நீக்க வேண்டியிருந்திருக்கும் என்று அது கண்டது.

எப்படி அவ்வளவு? ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே, இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். கோடிக்கணக்கானோரின் பட்டியலில், பரவலான பெயர் கொண்டவர்களுக்குள் பிறந்த ஆண்டும் சேர்ந்தே ஒத்துப்போவது ஒன்றும் அதிசயமில்லை. நம் கார்த்திக், பிரியா, முகமது, டான் எல்லாருக்கும் இது பொருந்தும். அரிதான பெயர் வைத்திருப்பவருக்கு இந்த ஆபத்து குறைவு.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வாருங்கள். மூலப் பட்டியல் இரண்டையும் தொடாமல் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்த பெயருக்கும் எண்ணுக்கும் தனி நெடுவரிசை போடுங்கள், பழையதை அழிக்காதீர்கள். பிறகு இரண்டு பக்கமும் தேடுங்கள். பதிந்தவர்களைப் பணப் பட்டியலில் தேடினால் கட்டாதவர்கள் தெரிவார்கள். பணம் கட்டியவர்களைப் பதிவுப் பட்டியலில் தேடினால், பதியாதவர்களும் வேறு பெயரில் அனுப்பியவர்களும் தெரிவார்கள். பலர் முதலாவதை மட்டும் செய்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் மிச்சமிருப்பவர்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான், "ஓ, இந்த லெட்சுமிதான் அந்த லட்சுமியா" என்பது புரியும்.

எக்செல்லின் 'பவர் குவெரி'யில் ஏறத்தாழ ஒத்த பெயர்களைக் கண்டுபிடிக்கும் வசதியும் இருக்கிறது. யார் யாரோடு ஒத்துப்போகக்கூடும் என்று யோசனை கேட்க அது நல்லது. முடிவை அதனிடம் விட்டுவிடாதீர்கள். கவிதாவுக்கும் சவிதாவுக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம்.

வரிசைப்படுத்தும்போதும் ஒரு கண் இருக்கட்டும். பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்தினால், பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பெயர்கள் மட்டும் இடம் மாறும், ஒவ்வாமை விவரங்கள் பழைய இடத்திலேயே நிற்கும். அதைச் சேமித்து மூடிவிட்டால் எந்தச் சூத்திரத்தாலும் திரும்பப் பெற முடியாது. நகல் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மிச்சமிருக்கும் ஏழெட்டுப் பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். "நீங்க இன்னும் கட்டலை" என்று தொடங்க வேண்டாம். "உங்க கட்டணம் எங்க பட்டியல்ல கிடைக்கலை, யார் பெயர்ல அனுப்பினீங்க?" என்று கேளுங்கள். பாதிப் பேர் அம்மாவின் கணக்கிலிருந்து அனுப்பியிருப்பார்கள்.

உணவு தயாரிப்பவருக்குக் கோப்பை அனுப்பும்முன், சூத்திரங்களை மதிப்புகளாக மாற்றி ஒட்டிவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களின் விவரங்களை முதலில் நிரப்பிய படிவத்தோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். சில வரிசைகள்தான், 5 நிமிடம் ஆகும். அவருக்குப் பதிவு எண்ணும் உணவு விவரமும் போதும். கைப்பேசி எண், மின்னஞ்சல் நெடுவரிசைகளை மறைத்துவைத்தால் போதாது, மறைத்ததை யாரும் திரும்பத் திறக்கலாம். அவற்றை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.